ரயில் பிள்ளையும் ஓர் உரலும்

மனித நாகரிகம் இரண்டு தண்டவாளங்களின் மேல்தான் உலகைச் சுற்றி வந்தது. அவை எட்டாத மண்ணில் அறிவு முளைக்காது, அறம் தழைக்காது, அரிசிகூடச் சரியாக வேகாது. இது அய்யம்பெருமாள் பிள்ளையின் துணிபு. நெடுவரம்பு வாசகசாலையில் வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது இதைச் சொல்வார். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், நன்றாக வெந்த சோற்றைச் சாப்பிடுவார்.

நெடுவரம்புக்குத் தண்டவாளம் கிடையாது. நெடுவரம்புக்கு என்ன, நாஞ்சில் நாடு முழுக்கவே கிடையாது. ரயிலைப் பார்க்கவேண்டுமென்றால் கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித் திருநெல்வேலிக்குப் போகவேண்டும். இல்லையானால் மேற்கே மார்த்தாண்டம் வழியாகத் திருவனந்தபுரத்துக்கு. இரண்டுக்கும் பஸ்தான். யுத்த காலத்தில் கரி போட்டு ஓடிய பஸ், சுதந்திரம் வந்தபின் பெட்ரோலில் ஓடியது. ஏற்றம் வந்தால் மட்டும் பழைய ஞாபகத்தில் நின்றுவிடும்.

பேயைப் பார்க்காத ஊரில்தான் மந்திரவாதிக்கு மதிப்பு. அய்யம்பெருமாள் பிள்ளைக்கு ஊரில் ‘ரயில் பிள்ளை’ என்று பெயர். வடக்கே பயணம் போகிற யாரும் அவரைக் கேட்காமல் போனதில்லை. எஞ்சினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் கண்ணில் கரி விழாது. வண்டி நின்றுவிட்டது என்பதற்காக இறங்கிவிடக் கூடாது, ஊரைக் கேட்டுத்தான் இறங்கவேண்டும். கார்டு பச்சைக் கொடி காட்டினால் பதிலுக்கு நாம் ஒன்றும் காட்டவேண்டாம். இப்படி ஏராளம். ரயில்பாதை வேண்டுவோர் சங்கத்தின் நெடுவரம்புக் கிளைக்கு அவர்தான் தலைவர். அந்தப் பதவிக்கென்று நாகர்கோவிலில் கறுப்புக் கோட்டு ஒன்று தைத்து, வேப்பிலை போட்டுப் பெட்டியில் வைத்திருந்தார். தை மாதம் ரயில்வே அதிகாரி ஒருவர் நாகர்கோவிலுக்கு வந்து ஊர் ஊராகக் கோரிக்கை கேட்கப்போகிறார் என்று செய்தி வந்ததிலிருந்து, வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் கோட்டு வெயில் காய்ந்தது. நெடுவரம்பின் சார்பில் அதிகாரியின் முன்னால் யார் பேசுவது என்ற கேள்வியே எழவில்லை.

ஒரே ஒரு சங்கதி. அய்யம்பெருமாள் பிள்ளை ரயிலில் ஏறியதில்லை.

திருநெல்வேலி ஜங்ஷனில் ஒருமுறை, தாய்மாமனை வழியனுப்பப் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு நின்றிருக்கிறார். பெட்டியின் படியில் ஒரு காலை வைத்தும் பார்த்தார். அந்த நேரம் பார்த்து எஞ்சின் நீராவியைச் சீறிவிட்டது. காலை எடுத்துவிட்டார். அந்த ஒற்றைக்கால் அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமாக ஊருக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார். இது அவருக்கும் அந்த எஞ்சினுக்கும் மட்டுமே தெரியும். மனைவி வடிவாம்பாளுக்குக்கூடத் தெரியாது.

இப்படி இருக்கையில் அந்த ஐப்பசியில் தாணு மதுரைக்குப் போனான்.

தாணு, வடிவாம்பாளின் தம்பி. தேங்காய் வியாபாரம். இரண்டு தேங்காயைத் தட்டிப் பார்த்து எது முற்றல் என்று சொல்வானே தவிர, அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்த்துப் பேசமாட்டான். அவன் மகள் அழகம்மை மதுரையில் தனிக்குடித்தனம் வைத்திருந்தாள். அங்கே வாங்கிய ஆட்டுரலில் மாவு அரைத்தால் பல்லில் கல் கடிக்கிறது என்று அவள் சொல்லி அனுப்ப, தாணு மயிலாடிக்குப் போய் நல்ல கல்லில் ஓர் ஆட்டுரல் கொத்தி வாங்கி, பஸ்ஸின் தலையில் ஏற்றிப் புறப்பட்டுவிட்டான். அத்தானிடம் ஒரு வார்த்தை யோசனை கேட்கவில்லை. “போயிட்டு வாறேன் அத்தான்” என்றான், அவ்வளவுதான். எஞ்சினுக்கு எந்தப் பக்கம் முதுகைக் காட்டவேண்டும் என்றுகூடத் தெரிந்துகொள்ளாமல் போகிறவனைப் பார்த்து அய்யம்பெருமாள் பிள்ளை, “அனுபவிப்பான்” என்று நினைத்துக்கொண்டார்.

அனுபவித்துவிட்டான். அடுத்த வாரம் தலையில் பெரிய வெள்ளைக் கட்டோடு திரும்பி வந்தான்.

“ரயிலு பொரண்டுட்டுதுலா!” என்று மாட்டுவண்டியை நிறுத்துமுன்பே வண்டிக்காரன் சுடலையாண்டி கூவினான். “நம்ம தாணு அண்ணாச்சி போன ரயிலு! ரெண்டு பெட்டி தண்டவாளத்தை விட்டு எறங்கிட்டு!”

தகவல் கேட்டதும் அய்யம்பெருமாள் பிள்ளைக்கு முதலில் வந்திருக்கவேண்டியது பதற்றம். மச்சினன் அல்லவா? ஆனால் வந்தது வேறு. ‘இவனுக்கா?’ என்றுதான் மனசு கேட்டது. ரயிலை நினைத்து நினைத்து உருகியவர் ஒருவர் இங்கே கோட்டுத் தைத்து வைத்துக்கொண்டு இருக்க, அது போயும் போயும் தேங்காய் தட்டுகிறவனுக்காகவா புரளவேண்டும்?

வாசகசாலை முற்றத்தில் ஊரே கூடிவிட்டது.

“பயந்துட்டீரா வே?” என்றார் பகவதியப்பன். வாசகசாலைக்கு அவர் செயலாளர், பள்ளிக்கூடத்தில் வாத்தியார்.

“நான் ஒறங்கிட்டேன்” என்றான் தாணு.

“பொரளும்போதா?”

“ஆமா. ஆட்டுரலுக்க மேல துவர்த்துத் துண்டை விரிச்சு தலை வச்சுக் கெடந்தேன். டம்முனு ஒரு சத்தம். தலை ஆட்டுரல்ல இடிச்சிட்டு. முழிச்சுப் பாத்தா வண்டி சரிஞ்சு நிக்கி. ஆருக்கும் பெரிசா அடி இல்ல. பொறவு வேற வண்டி வந்துது, ஏறிப் போனோம்.”

“ஏன் பொரண்டுதாம்?”

“மழையில அடிமண்ணு கரைஞ்சு போச்சுன்னு ஆரோ சொன்னாவ. எனக்குத் தெரியாது.”

இதைவிடச் சப்பையாக ஒரு ரயில் விபத்தை உலகத்தில் எவனாலும் வர்ணித்திருக்க முடியாது. அய்யம்பெருமாள் பிள்ளைக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. ஆனால் ஊர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

“ரயிலு பொரளும்போ ஒறங்குதாருன்னா என்ன நெஞ்சுறுதி பாருங்க!” என்றான் சுடலையாண்டி. “நானா இருந்தா நாகர்கோவில் வரைக்கும் கேக்கும்படியா அலறியிருப்பேன்.”

“ஞானிக்குத்தான் அந்த ஒறக்கம் வரும்” என்றார் இன்னொருவர்.

அன்று மத்தியானம் வீட்டில் வடிவாம்பாள் வெண்கலப் பானையை அடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்: “இங்க பாருங்க, அந்த நல்லெண்ணெய்க் குப்பியை எடுங்க. தம்பிக்கு உளுந்தங்களி கிண்டணும்.”

“அவனுக்குத் தலையிலல்லா அடி? களி இடுப்பு வலிக்குள்ளதாக்கும்.”

“ரயிலு பொரண்டா எல்லா எடமும்தான் வலிக்கும். நீங்க எத்தனை வட்டம் ரயில்ல போயிருக்கிய, ஒரு வட்டமாவது பொரண்டிருக்கா? உங்களுக்கு எங்க தெரியும்!”

அவர் குப்பியை எடுத்துக் கொடுத்தார். களி கிண்டுகிற மணம் வீடெங்கும் பரவியது. கருப்பட்டியும் நல்லெண்ணெயுமாகப் பளபளவென்று உருண்ட களி, தூக்குவாளியில் ஏறித் தாணு வீட்டுக்குப் போயிற்று. பானையில் ஒட்டியிருந்தது இவருக்கு. சுரண்டித் தின்றார். நல்ல ருசியாக இருந்தது. அதுதான் இன்னும் எரிந்தது.

சாயங்காலம் பகவதியப்பன் வந்தார்.

“பிள்ளைவாள், ஒரு யோசனை. தையில அதிகாரி வரும்போ தாணுவைப் பேசச் சொன்னா என்ன?”

“தாணுவா? அவன் என்னத்தப் பேசுவான்?”

“பேசாண்டாம். தலையில கட்டோட சும்மா நின்னாப் போரும். ரயிலே இல்லாத ஊரு, ஆனா ரயிலுக்காக ரத்தம் சிந்தின ஊரு. இது வேற எந்த ஊருக்கு உண்டும்? அதிகாரிக்க மனசு எளகாதா?”

“தைக்குள்ள காயம் ஆறிப் போயிரும் வே.”

“காயம் ஆறினா என்ன? கட்டைத் திருப்பிக் கட்டிக்கிடலாம்லா.”

அய்யம்பெருமாள் பிள்ளை பெட்டிக்குள் இருக்கும் கோட்டை நினைத்துப் பார்த்தார். அது வேப்பிலைகளுக்கு நடுவே பிணம்போலக் கிடப்பதாகத் தோன்றியது. “அனுபவம் வேற, அறிவு வேற” என்றார். “ரயிலு ஏன் பொரளுதுன்னு அதிகாரி கேட்டா, நான் ஒறங்கிட்டேன்னு சொல்லுவானா? வாற ஞாயித்துக்கெழமை வாசகசாலையில ஒரு கூட்டம் போடும். ‘ரயில் ஏன் தடம் புரள்கிறது?’ நான் பேசுகேன். கேட்டுட்டு ஊரு முடிவு பண்ணட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலை நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் தாணுவை உட்காரவைத்திருந்தார்கள். அவனுக்கு மட்டும் சாய்வு நாற்காலி. பேச்சாளருக்கு முக்காலி.

“இருப்புப்பாதை என்பது யாதெனில்” என்று தொடங்கி, அய்யம்பெருமாள் பிள்ளை கரும்பலகையில் இரண்டு கோடுகள் இழுத்தார். இழுத்த வேகத்தில் இரண்டு கோடும் மேலே போய் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

“ரெண்டும் ஒட்டிட்டுதே அண்ணாச்சி” என்றான் சுடலையாண்டி. “அதனாலதான் பொரளுதோ?”

“தூரத்தில அப்பிடித்தான் தெரியும். சும்மா இருலே.”

சக்கரத்துக்கு உள்பக்கம் ஒரு விளிம்பு உண்டென்றும், அந்த விளிம்புதான் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு போகிறதென்றும், விளிம்பு ஏறினால் வண்டி இறங்கும் என்றும் சொன்னார். எல்லாம் பத்திரிகையில் படித்தது, சரியானதுதான். ஆனால் சரியானதைக் கேட்டுக் கொட்டாவி விடாத சபை எது? பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து வெற்றிலைக்குப் போனார்கள். சுடலையாண்டிதான் காப்பாற்றினான்.

“அண்ணாச்சி, நமக்கு மாட்டுவண்டி மட்டும்தான் தெரியும். வைக்கோலோ நெல்லோ, பாரத்தை ஒருபக்கமா ஏத்தினா வண்டி குடை சாஞ்சிரும். ரயிலுக்கும் அந்த நியாயம்தானா?”

சபை நிமிர்ந்தது. இது நெல் ஊர். பாரம் ஏற்றுவது என்றால் கைக்குழந்தைக்கும் தெரியும். அய்யம்பெருமாள் பிள்ளைக்கு அந்தக் கணத்தில் ஒரு வெளிச்சம் அடித்தது. கரும்பலகையை விட்டுவிட்டு, வக்கீலைப்போலத் தாணுவின் பக்கம் திரும்பினார்.

“தாணு, ஆட்டுரலை எந்தப் பக்கம் வச்சிருந்தே?”

“சன்னலுக்குக் கீழ அத்தான். எடது பக்கம்.”

“வண்டி எந்தப் பக்கம் சரிஞ்சுது?”

தாணு யோசித்தான். “எடது பக்கம்தான்.”

அய்யம்பெருமாள் பிள்ளை மெதுவாகத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்த நிமிஷத்துக்காகத்தான் அவர் அன்று களிப்பானையைச் சுரண்டியிருந்தார்.

“மகா ஜனங்களே, மழை இல்லை, மண்ணு இல்லை. அந்த ரயிலைக் கவுத்தது யாருன்னு மனசிலாச்சா? இந்தா உட்கார்ந்திருக்கானே, இவன்தான்! பாரம் வைக்கத் தெரியாதவன்!”

தாணுவின் முகம் வெளிறியது. ஒரு நொடி, இரண்டு நொடி, அய்யம்பெருமாள் பிள்ளை சொர்க்கத்தில் இருந்தார்.

“எம்மாடி!” என்றான் சுடலையாண்டி. “நம்ம மயிலாடிக் கல்லுக்கு ரயிலையே கவுக்குத எடை உண்டும்ங்கிய!”

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் கைதட்டினார்கள்.

“அப்பிடி இருக்காது” என்று தாணு எழுந்தான். “அது மழையில அடிமண்ணு...”

“நீரு சும்மா இரியும் வே!” என்று அவனைப் பிடித்து உட்காரவைத்தார் பகவதியப்பன். “பிள்ளைவாள் கணக்குப் போட்டுல்லா சொல்லுகாரு. அவருக்குத் தெரியாத ரயிலா?”

அதற்குப் பிறகு நடந்தது எதற்கும் அய்யம்பெருமாள் பிள்ளை பொறுப்பில்லை. ஆனால் அவரைத் தவிர வேறு யாரும் காரணமும் இல்லை. ஓர் ஆட்டுரலை வைத்து ரயிலைச் சாய்த்த மனிதரைப் பார்க்கத் தாழக்குடியிலிருந்தும் பூதப்பாண்டியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மயிலாடியில் அந்தக் கல்லைக் கொத்தியவர் தம் வீட்டு வாசலில் நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார். கல்யாணத்துக்கு ஆட்டுரல் வாங்கப் போனவர்கள் ‘ரயில் கவுத்த கல்லு’தான் வேண்டுமென்று கேட்டார்கள். பஸ் கண்டக்டர் தாணுவை ஏற்றும்போதெல்லாம் மரியாதையாக, “அண்ணாச்சி, நீங்க மட்டும் நடுவில இருங்க” என்றார். தாணு எங்கே போனாலும் தலை குனிந்துகொண்டு, “மழைதான், மழைதான்” என்று முனகினான். தன்னடக்கம் என்று அதற்கும் பாராட்டினார்கள்.

கார்த்திகையில் ஒருநாள், குடை பிடித்த அந்நியர் ஒருவர் தெருவில் நின்று கேட்டார்: “இங்க ரயில் பிள்ளை வீடு எது?”

அய்யம்பெருமாள் பிள்ளையின் நெஞ்சு விரிந்தது. “நான்தான். வரணும்.”

“ஆட்டுரல் வச்சுக் கவுத்தது நீங்களா?”

“அது... எம் மச்சினன்.”

“ஓகோ! அப்பம் நீங்க ரயில் பிள்ளைக்க அத்தானா?” என்றார் அந்நியர். “அவரு வீட்டைக் கொஞ்சம் காட்டித் தாரியளா?”

காட்டினார். காட்டிவிட்டு வந்து படுத்தவர், மாலைக் காப்பிக்கு எழுந்திருக்கவில்லை. வயிற்றுக்குள் ஓர் ஆட்டுரல் ஓடிக்கொண்டிருந்தது. குழவி தாணுவின் முகமாக இருந்தது. பேர் போயிற்று. நாற்காலி போயிற்று. அதிகாரி முன்னால் நிற்கிற இடமும் தையில் போய்விடும். ரயில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, தமக்காகவும் கொஞ்சம் புரண்டால் என்ன? பெரிதாக வேண்டாம். ஒரு பெட்டி போதும். அதுவும் மெதுவாக.

மறுநாள் காலையில் வடிவாம்பாளிடம் சொன்னார்: “அழகம்மைக்கு அவ அப்பன் ஆட்டுரல் குடுத்தான். மாமன் முறைக்கு நாம ஒண்ணும் குடுக்கல்லே. ஓர் உரல் கொண்டு போய்க் குடுத்துட்டு வாறேன்.”

“இப்ப என்னத்துக்கு உரலு? அதுவும் நீங்களா சொமந்துட்டு?”

“ஆட்டுரலைவிட உரலுக்குக் கனம் கூடுதல்” என்றார் அவர், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல்.

மயிலாடியில் இருப்பதிலேயே பெரிய உரலாக வாங்கினார். ‘அய்யம்பெருமாள் பிள்ளை, தலைவர், ரயில்பாதை வேண்டுவோர் சங்கம், நெடுவரம்பு’ என்று அதைச் சுற்றி வெள்ளைப் பெயிண்டில் எழுதவைத்தார். கல்லில் பேர் இருந்தால் நாளைக்கு யாரும் மாற்றிப் பேச முடியாது. அழகம்மையின் கணவன் பொன்னுலிங்கத்துக்கு, ஸ்டேஷனுக்கு வந்து நிற்கும்படி தகவல் போயிற்று. மார்கழி முடிகிற சமயம், ஊரே கூடி உரலையும் அவரையும் பஸ் ஏற்றிவிட்டது.

“எடது பக்கம் வையுங்க அண்ணாச்சி!” என்று சுடலையாண்டி பஸ்ஸின் பின்னாலேயே ஓடிவந்து கத்தினான்.

“போயிட்டு வாங்க அத்தான்” என்றான் தாணு. “எஞ்சினுக்கு முதுகைக் காட்டி இருங்க, இல்லேன்னா கண்ணில கரி விழும்.” யாருடைய யோசனையை யாருக்குச் சொல்கிறான் பாருங்கள்!

திருநெல்வேலி ஜங்ஷனில் லக்கேஜ் சீட்டுப் போட்டு, இரண்டு போர்ட்டர்கள் முக்கி முனகி உரலை மூன்றாம் வகுப்பில் ஏற்றினார்கள். அய்யம்பெருமாள் பிள்ளை படியில் ஒரு காலை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு காலையும் வைத்தார். இடது பக்கம் சன்னலோரத்தில் உரல். அதற்குப் பக்கத்தில் அவர். எதிரே சுருட்டு வியாபாரி ஒருவர்.

வண்டி நகர்ந்தது. அவர் காத்திருந்தார். வேகம் பிடித்தது. தந்திக் கம்பங்கள் பின்னால் ஓடின. அடியில் எதுவோ ‘கடகட’ என்றது. புரள்வதற்கான அடையாளம் ஒன்றும் காணோமே என்று உரலை இன்னும் சற்று சன்னலை நோக்கித் தள்ளப் பார்த்தார். அது அசையவில்லை. அப்போதுதான் பாதை வளைந்தது. பெட்டி சாய்ந்தது, இடது பக்கமாக.

“சாயுதே!” என்றார்.

“வளைவுல சாயத்தான் செய்யும்” என்றார் சுருட்டு வியாபாரி.

“பொரண்டுருமோ?”

“பொரண்டா என்ன செய்ய? உள்ள இருக்கிறவன் எல்லாம் மொத்தமாப் போகவேண்டியதுதான். மொதல்ல இந்தக் கல்லு உம்ம மேல விழும்.”

ரயில் புரண்டால் அதற்குள் தாமும் இருப்போம் என்பது அய்யம்பெருமாள் பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் ஆசைப்பட்டதில் இந்த ஒரு விஷயத்தை அவர் கவனிக்கவில்லை. உரலைப் பார்த்தார். அதில் தம் பேர் எழுதியிருந்தது, நடுகல்லில் எழுதுவதைப்போல.

வண்டி ஒரு ஸ்டேஷனில் நின்றது. “ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வாறேன்” என்று சொல்லி இறங்கினார். குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் அதற்கும் அப்பால் இருந்த வேப்பமரம் வரைக்கும் நடந்தார். கார்டு பச்சைக் கொடி காட்டினார். அய்யம்பெருமாள் பிள்ளை பதிலுக்கு ஒன்றும் காட்டவில்லை. வண்டி புறப்பட்டது. சன்னலோரத்தில் உரல் கம்பீரமாக உட்கார்ந்து போயிற்று.

திருநெல்வேலிக்கே திரும்பி, ஒரு சாப்பாட்டு விடுதியின் மாடியில் சில நாள் இருந்தார். மதுரைக்குப் போய் வந்ததாகச் சொல்ல அவ்வளவு நாளாவது வேண்டும். சும்மா திரும்பினால் “பொரளல்லியா?” என்று கேட்பார்கள். கட்டைத் திருப்பிக் கட்டிக்கொள்ளலாம் என்று பகவதியப்பன் சொன்னது நினைவுக்கு வந்தது. ஊருக்குத் திரும்பும் அன்று காலை, தோளில் போடும் நேரியலை அகலமாகக் கிழித்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தார். தாணுவின் கட்டைவிடப் பெரிதாக இருந்தது.

ஊர் திகைத்தது. “என்ன பிள்ளைவாள், பொரண்டுட்டுதா?” என்று ஓடிவந்தார் பகவதியப்பன்.

அய்யம்பெருமாள் பிள்ளை கையை உயர்த்தினார். “கேக்காதையும். நமக்கு ரயில் வேணும்னு கேக்கப்போற சமயம். ரயிலைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை என் வாயில இருந்து வராது.”

பொய் ஒன்றுகூடச் சொல்லவில்லை. ஊர் தானாகவே எல்லாவற்றையும் கண்டுகொண்டது. உரலுக்கு ஆட்டுரலைவிடக் கனம் கூடுதல் அல்லவா. அப்படியானால் எத்தனை பெட்டி சரிந்திருக்கும் என்று சுடலையாண்டி வாசகசாலை முற்றத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். வடிவாம்பாள் அழுதுகொண்டே உளுந்தங்களி கிண்டினாள். இந்தத் தடவை பானையில் ஒட்டியதுதான் தாணு வீட்டுக்குப் போயிற்று. தாணு வந்து காலடியில் உட்கார்ந்து, “ரொம்ப வலிக்கா அத்தான்?” என்று கேட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. அய்யம்பெருமாள் பிள்ளைக்குக் களி இனித்தது.

அதிகாரி வரும் நாளில் அவரேதான் பேசுவது என்று முடிவாயிற்று.

நாகர்கோவிலில் பந்தல், தோரணம், ஒலிபெருக்கி. ஊர் ஊராக வந்து மாலை போட்டுக் கோரிக்கை வைத்தார்கள். நெடுவரம்பின் முறை வந்தது. கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கட்டு. மேடையில் ஏறியபோது கூட்டம் ‘ச்சொ’ என்றது. அந்த ஒலிக்காகவே இன்னும் நாலு தடவை ரயில் ஏறலாம் என்று தோன்றியது அவருக்கு.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அனுதாபத்தோடு கேட்டார்: “தலையில் என்ன கட்டு?”

அய்யம்பெருமாள் பிள்ளை அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். பகவதியப்பன் முந்திக்கொண்டு மைக்கைப் பிடித்தார்: “ரயில் விபத்து, சார்! போன வாரம், மதுரைக்குப் போற வழியில!”

“போன வாரமா?” அதிகாரியின் புருவம் ஏறியது. “திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் நடுவில் போன வாரம் எந்த வண்டியும் புரளவில்லையே. நேற்று அதே பாதையில்தானே நான் வந்தேன்?”

பந்தலில் எல்லோரும் கட்டைப் பார்த்தார்கள்.

“விபத்து...” என்றார் அய்யம்பெருமாள் பிள்ளை. “வண்டிக்கு இல்லை. எனக்கு.”

“உங்களுக்கு எங்கே?”

அதற்குப் பதில் யோசிக்க அவருக்கு அவகாசம் கிடைத்திருக்கும், பந்தல் வாசலில் அந்தச் சத்தம் கேட்காமல் இருந்திருந்தால்.

“மாமா! இருக்கியளா மாமா!”

கூட்டத்தைப் பிளந்துகொண்டு பொன்னுலிங்கம் ஓடிவந்தான். சவரம் செய்யாத முகம், பின்னாலேயே தாணு. பொன்னுலிங்கம் நேராக மேடையில் ஏறி, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

“உசிரோட இருக்கியளே, அது போரும்! ஸ்டேஷன்ல பெட்டி பெட்டியா தேடினேன் மாமா. சன்னலோரத்தில உரல் இருக்கு, உங்க பேரும் இருக்கு, உங்களைக் காணல்லே. அடுத்த வண்டி பாத்தேன், மறுநாள் வண்டி பாத்தேன். எங்கயோ ஓடுத வண்டியில இருந்து விழுந்துட்டியன்னு அழகம்மை பச்சத்தண்ணி குடிக்கல்லே. தண்டவாள ஓரமெல்லாம் விசாரிச்சுட்டு வாறேன்!”

“அப்பம் உரல் மதுரைக்குப் போச்சுதா?” என்று கூட்டத்திலிருந்து சுடலையாண்டி கேட்டான்.

“அது அன்னைக்கே வந்து சேந்துட்டே. ஒரு கீறல் இல்ல.”

தாணு மேடைக்குக் கீழே நின்றான். அவனுக்கு மட்டும் இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. “அப்பிடின்னா அத்தானுக்கு எப்பிடி அடி பட்டுது?” என்று பக்கத்திலிருந்தவரைக் கவலையோடு விசாரித்துக்கொண்டிருந்தான். பகவதியப்பன் மைக்கை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக இறங்கிப் போனார். மைக் அய்யம்பெருமாள் பிள்ளையின் வாய்க்கு நேராக இருந்தது.

அதிகாரி கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அவர் தம் வேலையில் கறாரானவர். எங்கே தவறு நடந்தது என்று தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார்.

“நீங்கள் எந்த ஸ்டேஷனில் இறங்கினீர்கள்?”

அய்யம்பெருமாள் பிள்ளை கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, யாருக்கும் கேட்காதபடி மிகவும் தணிந்த குரலில் சொன்னார். ஒலிபெருக்கி அதை வேப்பமூட்டுத் தெருமுக்கு வரைக்கும் கொண்டுபோயிற்று.

“தாழையூத்து.”

தாழையூத்து, திருநெல்வேலிக்கு அடுத்த ஸ்டேஷன்.